சிம் யார் பேரில்

ஞாயிற்றுக்கிழமை மதியம்
ஹாலில் டிவிதான் முதலில் சொன்னது.
மேட்ச் ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில்
மஞ்சள் சுடிதார் போட்ட ஒருத்தி சிரித்தாள்:
தனியாக வசிக்கும் பெண்களுக்கு
சைதாப்பேட்டையில் ஒற்றை அறை,
ஸ்டேஷனிலிருந்து நாலு நிமிஷம்.

முறுக்கைக் கடித்தபடி முரளீதரன் கேட்டார்
"நம்ம வீட்டு டிவியில எதுக்கு இது?"
"யாருக்குத் தெரியும்" என்றேன்.

யாருக்குத் தெரியும் என்பதுதான்
அன்றிலிருந்து எனக்கும் கேள்வி.

பதினோரு நாளாகத் தேடியிருந்தேன்
குளியலறையில்,
குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு.
விரலால் தேடுவதற்கு ஏது சத்தம்?
ஆனாலும் திறந்து வைத்தேன்.
அந்த வாரம் லாரி வருவதற்கு
ஒரு நாள் முன்பே சம்ப் வற்றி
கொளத்தூரில் எங்கள் பிளாக் முழுக்க
ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள்.

ரிச்சி தெருவில்
ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு.
மேலே எபினேசர்,
நெற்றியில் லென்ஸ், கையில் பிரஷ்,
யாருடைய போனோ வயிறு திறந்து கிடந்தது.
எதற்கு மாற்றுகிறேன் என்று அவன் கேட்கவில்லை.
வேறு விதமாகச் சொன்னான்:
"இப்ப இருக்கிற ஹவுஸ் ஓனர்
தட்டாம உள்ள வருவாரு, மேடம்.
அந்தப் பழம் போட்ட போன் ஓனர்
தட்டிட்டு வருவாரு. வாடகை ஜாஸ்தி.
மூணாவது ஒண்ணு இருக்கு.
ஓனரே கிடையாது.
குழாய் ஒழுகினா நீங்களே பாத்துக்கணும்."

குழாய் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.
மூன்றாவது, என்றேன்.

"எல்லாம் அழிஞ்சிடும்."
"அழியட்டும்."
"போட்டோ?"
யோசித்தேன்.
அம்பத்தூர் ஆபீஸ் கூரையில்
ஒருமுறை வந்து உட்கார்ந்த பருந்து,
அதை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னேன்.
ஒன்பது வருஷத்தில் அந்த ஒரு படத்தில்தான்
வேறு யாரும் இல்லை.

நீலக்கோடு மெல்ல நகர்ந்தது.
கீழே யாரோ பழைய லேப்டாப்புக்கு
அம்பது ரூபாய்க்காகச் சண்டை போட்டார்கள்.
போன் விழித்து, என் மொழி என்ன என்று கேட்டது.
சொன்னேன்.
வேறெதுவும் கேட்கவில்லை.
பெயரைக்கூட.
எனக்குக் கண் கலங்கியதை
ஏசி கசிவு என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

மூடியைப் பொருத்தும்போதுதான் கேட்டான்
"சிம் யார் பேர்ல, மேடம்?"
"வீட்டுக்காரர் பேர்ல.
நாலு கனெக்‌ஷன், ஒரே பில்."
"அத நான் மாத்த முடியாது."

சிந்தாதிரிப்பேட்டையில் ரயில் ஏறி
கொளத்தூர் போய்ச் சேரும்வரை
என் கைக்குள் ஒரு அந்நியன் மாதிரி
மரியாதையாக இருந்தது போன்.
பேங்க் ஆப் மட்டும் திறக்கவில்லை.
இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல
என்று எழுதிக் காட்டியது.
நின்று, இரண்டு தரம் வாசித்தேன்.

புதன் ராத்திரி, ஆபீஸ் லேப்டாப்பில்
அட்வான்ஸ் நாற்பதாயிரம்.
பெறுபவர்: இ. ஞானசௌந்தரி.
பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

டிங்.

சத்தம் என் மேஜையில் இல்லை, ஹாலில்.
சம்பளக் கணக்கு தொடங்கிய நாளில்
படிவத்தில் என் பெயருக்குக் கீழே
பேனா தானாகவே எழுதிய பத்து இலக்கம்
அவருடையது.

"உனக்கு ஏதோ ஓடிபி" என்றார்.
எப்போதும் போல உதவியாக
ஒவ்வொன்றாக வாசித்தார்:
ஏழு. பூஜ்யம். நாலு. நாலு. ஒன்று.
ஆறாவதற்கு முன் நின்றார்.
மிச்ச மெசேஜை வாசிக்கிறார்.

மின்விசிறி சுற்றுகிறது.
திரையில் வினாடிகள் குறைகின்றன,
நாற்பத்தொன்று, நாற்பது.

"சாருமதி."
முழுப் பெயர். எத்தனை வருஷம் ஆயிற்று.
"யாரு இந்த ஞானசௌந்தரி?"

எழுந்து ஹாலுக்குப் போனேன்.
வழியில் குளியலறை இருந்தது,
குழாய் மூடியிருந்தது,
அப்படியே விட்டேன்.

"சைதாப்பேட்டையில வீட்டு ஓனர்" என்றேன்.
"கடைசி நம்பர் என்ன?"